கருமுட்டையை உறைய வைப்பதா, சினைப்பைத் திசுவையா?

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்துகள் கருமுட்டைகளையும் அழிக்கக்கூடும் என்பதால், அந்தச் சிகிச்சை தொடங்கும் முன் பிற்காலத் தாய்மைக்கு வழி வைத்துக்கொள்ள விரும்பும் பெண்ணின் முன் இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: முதிர்ந்த கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கலாம்; அல்லது அம்முட்டைகள் இருக்கும் சினைப்பையின் திசுவையே எடுத்து உறைய வைக்கலாம். வெற்றி விகிதத்தை மட்டும் வைத்து இவற்றை எடைபோடுவது சரியல்ல என்பது என் கருத்து. சிகிச்சைக்கு முன் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி.

கருமுட்டை வழிக்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஹார்மோன் ஊசி போட வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம் என்பதால் காத்திருப்பு முன்பைவிடக் குறைந்துள்ளது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பகப் புற்றுநோய் என்றால் லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அந்த ஹார்மோன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை கிடையாது. அனுபவமும் நிறைய உண்டு. ஆனால் கிடைக்கும் முட்டைகள் எண்ணிக்கையில் அடங்கியவை. பூப்படையாத சிறுமிக்கு இவ்வழி பொருந்தாது.

திசு வழியில் ஊசிகளும் இல்லை, காத்திருப்பும் இல்லை. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையின் ஒரு பகுதியையோ ஒரு பக்கச் சினைப்பை முழுவதையுமோ எடுத்து, முதிராத முட்டைகள் நிறைந்த அதன் வெளி அடுக்கை மெல்லிய பட்டைகளாக்கி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். நோய் குணமான பின் மீண்டும் பொருத்தினால், சில மாதங்களில் ஹார்மோன் சுரப்பும் மாதவிடாயும் பெரும்பாலும் திரும்புகின்றன; சோதனைக்குழாய் முறை இன்றி இயல்பாகவே கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு. இதைக் கருமுட்டை வழியால் தர இயலாது. இம்முறையில் முதற்குழந்தை பிறந்ததை 2004இல் பெல்ஜியத்தில் அறிவித்தார்கள். பூப்படையும் முன் திசு எடுக்கப்பட்ட ஒருவர் தாயானது 2015இல் வெளியானது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019இல் இதைச் சோதனை நிலைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதன் பெரிய பலவீனம் பொருத்திய பிறகே வெளிப்படுகிறது. புதிய ரத்த நாளங்கள் உருவாகும்வரை திசு பட்டினி கிடப்பதால் முட்டைகளில் கணிசமானவை அழிந்துபோகின்றன. முட்டை இருப்பே குறைந்துவிட்ட வயதில் இந்த இழப்பைத் தாங்க முடியாது என்பதால்தான் பல மையங்கள் 35 வயதை ஒட்டி எல்லை வகுத்துள்ளன. பொருத்திய திசு பெரும்பாலும் சில ஆண்டுகளே இயங்கும். எனவே குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும் வேளையில் பொருத்துவதே பொருத்தம். இரண்டு அறுவை சிகிச்சைகள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மிகக் கடினமான நிலை ரத்தப் புற்றுநோயான லுகேமியா. எடுத்த திசுவில் நோய்ச் செல்கள் ஒளிந்திருந்து உடலுக்குத் திரும்பக்கூடும் என்பதால் கருமுட்டையே பாதுகாப்பானது. ஆனால் அதற்குத் தேவையான இரண்டு வாரங்களை அந்நோய் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே சிலருக்கு முதற்கட்டக் கீமோவில் நோய் தணிந்த பின் திசுவை எடுத்து, மீண்டும் பொருத்துவதற்கு முன் அதில் நோய்ச் செல்கள் உள்ளனவா என்று நுணுக்கமாகச் சோதிக்கிறார்கள்.