தீவில் இருந்துகொண்டு கேரவன் வாங்கலாமா?

கூட வேலை செய்யும் பெண் போன வாரம் கேட்டாள், "அக்கா, நீங்கதான் கேரவன் வெச்சிருக்கீங்களே, நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவில். எங்கள் வண்டி உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளலாம், காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் ரகம், பழசாக வாங்கியது. அது பட்டறைக்குப் போய்க் கூலி மட்டும் கறந்துகொண்டு வியாதியோடு திரும்பி வந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

வியாதி தண்ணீர் பம்பில். வெளியே 40 லிட்டர் பீப்பாய், அதிலிருந்து 12 வோல்ட் பம்பு உள்ளே தண்ணீர் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கி பம்பு ஓட வேண்டும், மூடினால் அழுத்தம் ஏறி சுவிட்ச் அதை நிறுத்த வேண்டும். எங்காவது ஊசிமுனைக் கசிவு இருந்தாலோ, ஒருவழி வால்வில் மணல் துகள் சிக்கினாலோ போதும், யாரும் குழாயைத் தொடாமலே அழுத்தம் மெல்ல இறங்கி, நடு ராத்திரியில் 'டர்ர்' என்று ஒரு விநாடி கத்திவிட்டு அடங்கும். அப்புறம் அமைதி. அடுத்த டர்ர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதிலேயே தூக்கம் போய்விடும். பாட்டரி இறங்கிவிட்டால் இன்னும் கொடுமை, நிற்பதற்கான அழுத்தத்தை எட்ட முடியாமல் விடாமல் ஓடும். பட்டறையில் சுவிட்சைப் புதிதாக மாற்றினார்கள். சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

கடைசியில் இவர் பம்புக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, கட்டில் தலைமாட்டில் சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை வைத்தார். மொத்த வண்டியிலும் எனக்குப் பிடித்த சாமான் அதுதான். படுக்கும்போது தட்டிவிட்டால் விடியும் வரை சத்தமில்லை. என்ன, நடுவில் தாகம் எடுத்தால் யார் எழுந்து போடுவது என்று ஒரு சண்டை உண்டு.

இவருடைய மற்ற கைவேலைகளும் மோசமில்லை. பழைய பேலட் பலகையில் இட்லித் தட்டுக்கென்றே ஒரு தடுப்பு செய்தார். ஆனால் இட்லி வைக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், பழைய கேரவன்களின் சுவருக்குள் இருப்பது மரச்சட்டம், ஈரம் இறங்கினால் உளுத்துவிடும். எங்கள் வண்டியில் ஏற்ற அனுமதி உள்ள சாமான் எடை 150 கிலோ சொச்சம். ஒவ்வொரு அலமாரியும் அதில்தான் கை வைக்கிறது, என் கிரைண்டருக்கு இடமில்லை என்கிறார், அலமாரிக்கு மட்டும் எப்படியோ இருக்கிறது.

சரி, தீவு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்ட பயப்பட வேண்டாம், 2021 டிசம்பருக்குப் பிறகு கார் லைசென்ஸே போதும், தனித் தேர்வு கிடையாது. பாலம் இல்லாததுதான் வில்லன். எங்கே போவதானாலும் ஃபெர்ரிதான், அதிலும் நீளத்தைப் பார்த்துக் கட்டணம், கேரவனை இழுத்துப் போனால் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டில் ஊரே கேரவனோடு நம் தீவுக்கு வருகிறது, நாங்கள் காசு கொடுத்து எதிர்த்திசையில் போகிறோம். போய்வரும் கட்டணம் சில சமயம் அங்கே தங்குவதற்குக் கொடுக்கும் வாடகையையே தாண்டிவிடுகிறது, ஒரு நியாயமும் இல்லை.

ஆனாலும் தீவின் யார்மத்திலிருந்து அக்கரை லிமிங்டன் போகும் கப்பலைச் சொல்லாமல் விடக்கூடாது. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டுப் பகுதி, காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மட்டக்குதிரை நின்று புல் மேயும். கட்டி வைப்பதெல்லாம் கிடையாது, அவை பாட்டுக்குத் திரியும். வேலை முடிந்த வெள்ளிக்கிழமை மாலையே அங்கே டீ போட்டுக் குடிக்கலாம், இதற்கு எந்த ஹோட்டலும் ஈடில்லை.

எல்லாம் சேர்த்துக் கேட்டால், வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால் பணம் கொடுக்குமுன் தண்ணீர் இணைத்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அரை மணி நேரம் உள்ளே பேசாமல் உட்கார்ந்து பார். எங்கள் வண்டியையே கொடுத்துவிடலாம் என்றுதான் நேற்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்குள் இவர் அக்டோபர் விடுமுறைக்கு நியூ ஃபாரஸ்டில் இடம் பிடித்துவிட்டார். அது முடியட்டும், பார்க்கலாம்.