தேனியா, கோட்டயமா: மதினியின் இரண்டாவது பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அண்ணன் கேரளத்து மலையில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். மதினிக்குத் தாய்வீடு தேனி மாவட்டத்துச் சின்னமனூர். முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதம் லயத்து வீட்டிலேயே, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பிலேயே, வளைகாப்பு முடித்து, மறுநாள் காலையில் ஜீப் பிடித்து குமுளி மலை இறங்கிக் கூட்டிப் போனார்கள். தாய் சேய் அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலேயே இருந்துவிட்டது.

மலை இறங்கி டாக்டரிடம் காட்டிய இடத்தில் ரத்த அழுத்தம் 150/100 இருந்தது. பழைய அளவுகள் கையில் இல்லை. மலை இறங்கி வந்த அலுப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி. அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை 1.7 கிலோ. மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்து பிழைத்தான். எல்லாம் முடிந்த பிறகு அந்த அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். 110/70, 118/76, 128/84, 136/88. மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைப் பார்த்தவர் எவரும் அலுப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிறார்கள். ரத்த அழுத்தம் அப்புறம் முழுதாக இறங்கவே இல்லை, மாத்திரை போடுகிறார். சர்க்கரையும் கூடியிருக்கிறது. "கோட்டயம் போறதா, தேனி போறதா, நீயே பார்த்துச் சொல்லு" என்றார் மதினி. பார்த்தேன்.

முதலில் எல்லோரும் எடுத்துப்போடும் கணக்கு. மத்திய அரசின் 2018–20 மாதிரிப் பதிவுக் (SRS) கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதும் 97. கேரளத்து மகப்பேறு மருத்துவர்கள் 2004 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் எடுத்து அலசி, எங்கே தவறியது என்று கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 19 என்பது மாநிலம் முழுவதற்குமான சராசரி. பெரியாற்று மலையில் ராத்திரி பதினொரு மணிக்கு வலி எடுத்த பெண்ணுக்குத் தேவை, திறந்திருக்கும் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் அவளுடைய வகை ரத்தமும். அது எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. வண்டிப்பெரியாற்றிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜும், க.விலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், இரண்டும் நூறு கிலோமீட்டருக்குள். கோட்டயம் போக குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் வரை வளைந்து இறங்க வேண்டும். ஆடி மாத மூடுபனியில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. 2021 அக்டோபரில் கூட்டிக்கல், கொக்கையாறு பக்கம் மலை சரிந்தபோது முண்டக்கயம் வழி என்ன பாடுபட்டது என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேனி வழியில் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரைதான் கொண்டை ஊசி வளைவு. அதன்பின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எல்லாம் சமதளம். அந்த வழிக்கும் ஆபத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கேயும் பாறை உருளும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டையிலும், 2020 ஊரடங்கிலும் எல்லையே அடைபட்டது. அதனால் எந்த மாதம் பிரசவம் வரும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாள் விழுந்தால் கோட்டயம் வழியை நம்பி மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது.

பணம், சலுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. மத்திய அரசின் மாத்ரு வந்தனா உதவி இரண்டு மாநிலத்திலும் உண்டு: முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000. ரேஷன் கார்டும் ஆதாரும் எந்தப் பக்கத்து முகவரியில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எளிது. இதற்காக மட்டும் எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரி மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மொழியும் பெரிய தடையில்லை. வண்டிப்பெரியாற்றில் ஆஷா சேச்சிகள், அதாவது ஊர் சுகாதாரப் பணியாளர்கள், தமிழ் பேசிச் சமாளித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், நம் ஊரில் சொல்கிற நர்சம்மா, வீடு தேடி வருவார். இரண்டு ஊரிலும் மாதாமாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு, அன்றைக்குப் போனால் பெரும்பாலும் டாக்டரையே பார்க்கலாம்.

உண்மையில் வித்தியாசம் வருவது கர்ப்பத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன செய்கிறோம் என்பதில். இதை எந்தப் பக்கத்திலும் செய்யலாம், ஆனால் நாமாகக் கேட்டால்தான் நடக்கும். மதினி போட்டுக்கொண்டிருந்தது டெல்மிசார்ட்டான். அந்த வகை மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராமிப்ரில், எனலாப்ரில் வகையும் அப்படித்தான். நாமே நிறுத்திவிடவும் கூடாது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் மாற்றித் தருவார். மூன்று மாத சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது நல்லது. பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது, நாள் தள்ளிப்போனதைக் கவனிக்கும் அதே வாரங்களில்தான். ஏழாம் வாரம் டாக்டரிடம் போய் சர்க்கரையைக் குறைத்தால் அந்த வாரங்கள் திரும்பி வராது.

போலிக் ஆசிட்டும் அதே காரணத்துக்காக முன்பே தொடங்க வேண்டும். சாதாரணமாக நாளுக்கு 400 மைக்ரோகிராம், சர்க்கரை உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராம் வரை எழுதுவார்கள். முந்தைய கர்ப்பத்தில் இப்படி அழுத்தம் ஏறியவர்களுக்கு 12 வாரம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுப்பது வழக்கம், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்டேட் பெண்களுக்கு இன்னொன்று. கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் துணிப்பையும் கையில் கட்டன் சாயா (பால் இல்லாத டீ) பிளாஸ்க்கும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை மதினி அந்தச் சாயாவோடுதான் விழுங்கியிருக்கிறார், முதல் பிள்ளைக்கு மாதக்கணக்கில். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஒட்ட விடாது. ஹீமோகுளோபின் 11க்கு மேல் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். மாத்திரைக்கும் சாயாவுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட வேண்டும், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போட்டால் இன்னும் நல்லது.

சரி, என் முடிவு. மதினிக்குத் தேனிதான். கோட்டயம் குறைந்தது என்று சொல்லவில்லை. தாய்வீடு சின்னமனூரில் இருக்கிறது, அங்கிருந்து க.விலக்குக்கு வளைவே இல்லாத ரோடு. கூடவே இருக்க அவர் அம்மா இருக்கிறார். கோட்டயம் போனால் கடைசி இரண்டு மாதம் அங்கே வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும், அண்ணனுக்குச் சம்பள நாள் போகும். மதினியின் அம்மா வீடு ஏலப்பாறையிலோ முண்டக்கயத்திலோ இருந்திருந்தால் கோட்டயம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் ஏழாம் மாதம் மலை இறங்குவது இந்த முறை வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்பே தேனியில் காட்டி, முதல் மாதத்திலிருந்து ஒரே டாக்டர், ஒரே ஃபைல். இடையில் வாராவாரம் எஸ்டேட் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்து அதே அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். 24 வாரத்துக்குள் சின்னமனூர் போய்விட வேண்டும், வளைகாப்பை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். மதினியின் மாமியாருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பேரன் இன்குபேட்டரில் இருந்த மூன்று வாரமும் வெளியே பெஞ்சில் படுத்தவர் அவர், புரிந்துகொண்டார்.

போன வாரம் மாத்திரையை மாற்றியாகிவிட்டது. எச்பிஏ1சி 6.9 வந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை தள்ளிப்போடுங்கள் என்றார் டாக்டர். அட்டையின் பழைய பக்கங்களை நான் படமெடுத்து அண்ணன், மதினி, சின்னமனூர் அம்மா மூவருக்கும் அனுப்பிவைத்தேன். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவதாகச் சொன்ன ஜீப்காரரின் எண் மூன்று பேரிடமும் இருக்கிறது.