டேபிள் டாப் கிரைண்டர்: ஏழெட்டு வருஷம் மாவு அரைத்த பிறகு

கிரைண்டர் வாங்கிய வாரத்திலேயே அதைப் பற்றி எழுதுவதில் பெரிய பயனில்லை. உளுந்து எவ்வளவு பொங்குகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். பெல்ட் தேய்ந்தால் கடையில் கிடைக்கிறதா, மெஷின் நின்றுபோனால் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதெல்லாம் தெரிய வருஷங்கள் ஆகும். அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

எங்களுடையது இரண்டு லிட்டர். வாரம் தவறாமல் இட்லி மாவு, இடையில் அடைக்கும் வடைக்கும். அரைப்பில் குறையே இல்லை. கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை. அரை மணி நேரம் ஓடிய உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. மிக்ஸியில் இந்தப் பதம் வராது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் ஒரு காரணம். எங்கள் கல் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கிறது. மாவு வழிந்து டிரம்முக்கு அடியில் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பேரிங் துருப்பிடித்துவிடும்.

வாரண்டி முடிந்து கொஞ்ச காலத்தில் ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் உறுமல் சத்தம் மட்டும் வந்தது, டிரம் சுற்றவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். 'சார்', 'சார்' என்று அவ்வளவு பணிவாகப் பேசினார்கள். வந்த பையனும் மரியாதையானவர்தான். ஆனால் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார். பழைய கிரைண்டரைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் புதிது எடுப்பதே லாபம் என்றும் சொன்னார். வந்து பார்த்ததற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார், கூடவே ஐந்து ஸ்டாரும் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மெஷினைத் திறந்து பார்க்க நேரம் தராமல், ஸ்டாரை மட்டும் எண்ணுகிற ஏற்பாட்டின்மேல்தான் கோபம். பணிவான பேச்சு எனக்கும் பிடிக்கும். அதைக் கொடுத்துவிட்டால் நியாயமாக நடந்ததாகக் கணக்கு முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் காந்திபுரத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றதோடு சரி. சாயங்காலம் போனபோது, "மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது, கெபாசிட்டர்தான் போயிருச்சு" என்று, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் அந்தச் சின்னப் பாகத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எல்லாம் சேர்த்து முந்நூறுக்குள் முடிந்தது. பில் கேட்டதும் தேதி, மாற்றிய பாகம், விலை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கழற்றிய பாகத்தைக் கேட்காமலே திருப்பித் தருவதைத்தான் நான் மரியாதை என்பேன். என்ன செய்தேன் என்று நீயே பார்த்துக்கொள் என்கிற மரியாதை அது.

அதே நேரத்தில் பக்கத்தில் ஒருவர் மிக்ஸி ரிப்பேருக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றார். ஷோரூமில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கும் நாம், கையில் கிரீஸ் படிந்தவரிடம் மட்டும் ஏன் இப்படி நிற்கிறோம்? அவர் கூலிக்குப் பேரம் பேசுவது சிக்கனத்தில் சேராது.

பில் கேட்பது சந்தேகப்படுவதாகாது. பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. கடையில் பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமே கிடையாது. இதற்கெல்லாம் கையில் ஒரு தாள் வேண்டும்.

வாங்கிய பொருளை நாம் விரும்பிய இடத்தில் ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் அதற்கென இணையதளமும் வந்தது. வீட்டுச் சாதனங்களும் அதில் உண்டு. எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. உதிரி பாகமும், அதைப் பொருத்தத் தெரிந்த ஆளும் இல்லாத ஊரில் ஆடித் தள்ளுபடி எவ்வளவு கொடுத்து என்ன? அதே 2022 ஜூலையில்தான் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வாங்கும்போதே இவ்வளவு கொடுக்கிற பொருள் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் தாராளம். இன்று வாங்கினாலும் இதையே வாங்குவேன். காசு கொடுக்கும் முன் பெல்ட், கெபாசிட்டர், மாவு தள்ளும் பிளாஸ்டிக் மூன்றும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். அதற்குச் சலித்துக்கொள்ளும் கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.