கெட்டிமேளம் இல்லாத கலியாண வீடியோ: பழைய கசற்றுகளைக் கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் நாலு வீடியோ கசற்றுகள் மிஞ்சியிருந்தன. அக்காவின் கலியாணம் இரண்டு, அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் ஒன்று. நாலாவது ரொறன்ரோவிலிருந்து வந்தது. 2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு சித்தப்பா குடும்பம் கனடாவிலிருந்து வந்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொக்குவில் வீட்டைப் பார்க்கப் போனது. 95 இடப்பெயர்வுக்குப் பிறகு அப்பா அந்த வாசலில் கால் வைத்த முதல் நாள் அது. சித்தப்பாவின் மகன் கமராவும் கையுமாகவே திரிந்தான். திரும்பிப் போய்க் கசற்றில் கொப்பி பண்ணி எங்களுக்கு அனுப்பினான். அப்பா 2006 இல் போய்விட்டார். அவர் நின்று நிதானமாகக் கதைப்பது அந்தக் கசற்றில் மட்டும்தான்.

அம்மாவுக்கு எண்பது வயது வருகிறது, அக்கா லண்டனிலிருந்து வருகிறாள், எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். கசற் ஓட்டுகிற எங்கள் டெக் எப்போதோ போத்தல் பேப்பர்காரரோடு போய்விட்டது. அதனால் கடையைத் தேடினேன். கடையின் பெயரை எழுதவில்லை. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம், அவ்வளவுதான். ஒரு கசற்றுக்கு 2,500 ரூபாய், நாலுக்கும் 10,000, பாதி முற்பணம். கொப்பியில் கிழித்த தாளில் ‘4 கசற், 10,000, வெள்ளி’ என்று எழுதித் தந்தார்கள். அதைப் பற்றுச்சீட்டு என்று நம்பி மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். கடையில் இருந்தது ஒரே ஒரு டெக், அதன் மேல் தூசி பிடித்த துணி. தரையில் சொப்பிங் பைகளில் ஊர்ப்பட்ட கசற்றுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கசற்றை மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கசற் என்றால் டெக்கில் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு டெக்கை வைத்துக்கொண்டு அந்தக் குவியலை எப்போது முடிப்பார்கள் என்ற கணக்கு அப்போது என் மண்டையில் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன், கரண்ட் இல்லை என்றார்கள். அடுத்த வெள்ளி போனேன், பெடியன் லீவு என்றார்கள். மூன்றாவது வாரம் நாலு டிவிடி கையில் தந்தார்கள். அட்டை எல்லாம் அமர்க்களம். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக்கூட ரோசாப்பூவும் இதயமும் போட்டிருந்தார்கள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்து உட்கார்ந்தா. முதலில் பூக்கள் சுழன்று சுழன்று வந்து, முப்பது வருஷத்துக்கு முந்திய கலியாணத்துக்கு ‘இனிய திருமண நல்வாழ்த்துகள்’ சொன்னது. பிறகு படம். தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல முகங்கள். தாலி கட்டும்போது எது அத்தானின் கை, எது ஐயரின் கை என்று தெரியவில்லை. நாதஸ்வரமும் இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ சினிமாப் பாட்டு. அம்மா கேட்டது ஒன்றுதான்: “கெட்டிமேளம் எங்க பிள்ளை?”

கொக்குவில் டிவிடி அதைவிட மோசம். படம் கறுப்பு வெள்ளையில் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. அப்பா கையை நீட்டி நீட்டி எதையோ காட்டுகிறார், வாய் அசைகிறது, ஆனால் கேட்பதெல்லாம் கீபோர்ட் இசை. பாதியில் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

மகன் இரவு டிவிடியைக் கொம்பியூட்டரில் போட்டு, வீஎல்சி என்ற படம் ஓட்டும் சொப்ட்வெயாரில் விபரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். நமது நாட்டு ரீவியின் ‘பால்’ (PAL) முறையில் ஒரு டிவிடிக்கு முழுத்தரப் படம் என்றால் 720க்கு 576 புள்ளிகள். இதில் இருந்தது 352க்கு 288. அது பழைய வீசீடியின் அளவு, புள்ளிகளை எண்ணினால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மூன்று மணி நேரக் கலியாணக் கசற்றை இரண்டு ஜீபீக்கும் குறைவாக நசுக்கியிருந்தார்கள். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜீபீ, பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தக் கசற்றை இரண்டு டிவிடியில் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரு டிவிடிக்கு ஒரு மணி நேரம், கூடிப்போனால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் திணித்தால் படம் கெடும்.

கறுப்பு வெள்ளைக்கும் காரணம் அகப்பட்டது. கனடாவில் கசற்றுகள் என்ரிஎஸ்சி (NTSC) என்ற வேறு ரீவி முறை, ஒரு படத்துக்கு 525 கோடு. எங்களுடையது பால், 625 கோடு. கடைக்காரர் சொப்ட்வெயாரில் பால் என்று இருந்ததை மாற்றாமலே ஓட விட்டிருக்கிறார். படம் உருளும்போதாவது ‘இதென்ன’ என்று யாராவது பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. ஓட விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டுப் போட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் கடைக்குப் போனேன்.

“பழைய கசற் எண்டா அப்பிடித்தான் அக்கா வரும்.”

“பாட்டு எப்பிடித் தம்பி வந்தது? அதுவும் கசற்றிலயா இருந்தது?”

“சனம் அதைத்தான் அக்கா விரும்பினம். பழைய சத்தம் இரைச்சல்.”

இரைச்சலாம். மூலப்பதிவு வைத்திருக்கிறீர்களா, பாட்டில்லாமல் ஒன்று தாருங்கள் என்றேன். கொம்பியூட்டரில் இடமில்லை, அழித்துவிட்டோம் என்றார். சரி, மிச்சக் காசைத் தர மாட்டேன், என் கசற்றுகளைத் தாருங்கள் என்று நாலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வந்து கொக்குவில் கசற்றின் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்தது வேறு கசற். வட அமெரிக்காவிலிருந்து வருகிற கசற்றில் பெரும்பாலும் ‘டி-120’ என்று இருக்கும், இரண்டு மணி நேரம். எங்கள் கடைகளில் விற்றவை ‘ஈ-180’, மூன்று மணி நேரம். என்னுடையதில் டி-120 என்று அச்சிட்டு, அதன் கீழே சித்தப்பா மகனின் கோணல் எழுத்தில் ‘வீடு’ என்று இருக்கும். இதிலோ ஈ-180. மேலே சிங்களத்தில் எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

மகனையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அரை மணி நேரம் தரையில் குந்தியிருந்து அந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிளறி நாங்களேதான் கண்டுபிடித்தோம். மேசைக்குக் கீழே, பெட்டி இல்லாமல், மின்விசிறிக் காற்றில் வருகிற தூசியெல்லாம் குடித்துக்கொண்டு கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் மாப் பூசினது போல வெள்ளையாகப் பூஞ்சணம். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் கசற்றுகளுக்கு இது வருகிற வியாதிதான். ஆனால் பூஞ்சணக் கசற் ஒன்றை ஓட்டிவிட்டு டெக்கில் கசற்றை வாசிக்கிற தலையைத் துடைக்காமல் அடுத்ததைப் போட்டால், அது எல்லாவற்றுக்கும் தொற்றும். என் கசற் அங்கே வாங்கியதா கொடுத்ததா, யாருக்குத் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். எழுத்தில் முறைப்பாடு தாருங்கள், பற்றுச்சீட்டின் பிரதியையும் இணையுங்கள் என்றார்கள். என் கையில் இருந்தது திகதியோ கடையின் பெயரோ இல்லாத கொப்பித்தாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் மச்சாள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு டெக் கிடந்தது, நல்ல காலம் பால், என்ரிஎஸ்சி இரண்டையும் ஓட்டும். கவனமாகக் கொண்டுவந்தோம். ஃபுனாய் நிறுவனமும் 2016 இல் செய்வதை நிறுத்திய பிறகு புது டெக் என்று ஒன்று உலகத்திலேயே செய்யப்படுவதில்லை. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் யூஎஸ்பியில் குத்துகிற ஒரு சின்னக் கருவி வாங்கினோம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரோடு வரும். மகன் கசற்றின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பல்கனியில் வைத்துப் பூஞ்சணத்தை மெதுவாகத் துடைத்தான். சொப்ட்வெயாரில் என்ரிஎஸ்சி என்று மாற்றினான். நிறம் வந்துவிட்டது. கூரை போன வீடு, முற்றத்தில் நெஞ்சளவு புல், அப்பாவின் நீலச் சேர்ட். ஓரிடத்தில் கசற் கசங்கியிருந்ததால் கொஞ்ச நேரம் கோடுகோடாக வந்தது, அந்தக் கசங்கலை எதுவும் செய்ய முடியாது. அதைத் தாண்டியதும் அப்பாவின் குரல்: “இதிலதான் அம்மா இருந்து வெத்திலை இடிக்கிறவ. இந்தத் தூணோட சாஞ்சுகொண்டு.” தூண் மட்டும் நின்றது.

கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்களுக்குக் கவலையில்லாத ஒரு கசற்றை மட்டும் கொடுங்கள். அந்த டிவிடியை வீட்டில் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம். சத்தத்தில் கைவைக்கக் கூடாது, பாட்டு வேண்டாம், பூ வேண்டாம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கசற் என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், அவர்கள் பார்க்க மாட்டார்கள். கசற்றின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே ரெக்கோர்ட் ஆகாது. கசற்றின் மேலேயே பெயரை எழுதுங்கள், பெட்டியை நம்ப வேண்டாம். டிவிடியை மட்டும் வாங்கி வராமல் கொம்பியூட்டர் பைலையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள், இந்த டிவிடிகளும் கீறல் விழுந்து போகிறவைதான்.

அந்தச் சிங்களத் துண்டு ஒட்டிய கசற் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. யாருடையது என்று தெரியவேண்டுமே என்று ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். முதலாவது பிறந்தநாள். முயல் வடிவக் கேக், பின்னால் பச்சை நிறச் சுவர், தொப்பி போட மாட்டேன் என்று அழுகிற ஒரு ஆண் குழந்தை. இப்போது முப்பது வயதுக்குக் கிட்ட இருப்பான். துண்டில் ஒரு பெயரும் திகதியும் இருக்கின்றன, அவற்றை இங்கே எழுதவில்லை. அவை என்னவென்று சரியாகச் சொல்கிறவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.