மொட்டைமாடியில் நீர்முள்ளி: சில வருட அனுபவம்

வயல் வரப்பிலும் ஏரிக்கரைச் சேற்றிலும் தானாக மண்டிக் கிடக்கும் நீர்முள்ளியைத் தொட்டியில் வளர்க்கிறேன் என்றால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சில வருடங்களாக வளர்த்த பிறகு சொல்கிறேன்: வெயில் விழும் மாடி இருந்தால் இதைவிடச் சுலபமான செடி குறைவு. குழந்தைகள் ஓடியாடும் இடமென்றால் வேண்டாம். கணுவுக்குக் கணு ஆறு முள், ஒவ்வொன்றும் ஊசிதான்.

ஓட்டை போடாத அகலமான பிளாஸ்டிக் பேசின், பாதிக்கு மேல் வயல் களிமண், ஒரு கை மண்புழு உரம். அவ்வளவுதான். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் மண்ணைச் சேறாக மட்டும் வைத்திருக்கிறேன். செடிக்கு அதுவே போதும், கொசுவும் பெருகாது. ஆனால் சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். வெளியூர் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

விதையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்துத் தூவ முடியாது. உலர்ந்த மணலோடு கலந்து ஈரச் சேற்றின் மேல் தூவி, மூடாமல் விட்டால் முளைக்கிறது.

மழைக்காலம் முடியும்போது பூ வரும். நீலமும் ஊதாவும் கலந்த நிறம், கீழ் உதட்டில் மஞ்சள் தீற்றல். அழகுதான், ஆனால் முள்ளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. எனக்குப் பூவைவிடப் பெரிய லாபம் மயில் வசீகரன் பட்டாம்பூச்சி. அதன் புழுக்கள் இந்த இலையைத் தின்று வளர்பவை. கறுத்த உடம்பு முழுக்கக் கிளைத்த முள்ளோடு தண்டில் ஊரும். இலை சல்லடையானாலும் நான் எதுவும் தெளிப்பதில்லை. கொஞ்ச நாளில் திரும்பத் துளிர்த்துவிடுகிறது.

சித்த மருத்துவத்தில் நீர்க்கட்டு, வீக்கத்துக்குப் பயன்படும் செடி இது. இளங்கீரையைச் சமைப்பவர்களும் உண்டு. நான் இரண்டுக்கும் பறித்ததில்லை, வைத்தியரைக் கேட்காமல் நீங்களும் இறங்க வேண்டாம்.

விதை முற்றியதும் செடி காய்ந்துபோகும். முள் அப்போதுதான் இன்னும் விறைப்பாகும். தடித்த கையுறை போட்டு அடியோடு வெட்டுங்கள். சேற்றை அப்படியே காயவிட்டால் அடுத்த மழைக்கு உதிர்ந்த விதைகள் தானே முளைக்கும். ஒரு பேசினுக்கு இரண்டு கன்று போதும், மீதியைப் பிடுங்கிவிடலாம். பக்கத்துத் தொட்டிகளிலும் தலைகாட்டும், முள் விடுவதற்குள் கவனியுங்கள்.