மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: அம்மாவுக்குப் புரை ஆபரேஷன்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், மதுரை அண்ணா நகர் அரவிந்தில். சிகிச்சை நன்றாகவே அமைந்தது, அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி. சொட்டு மருந்து விட்டு எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தபோது, வரிசையில் இருந்த ஒரு பாட்டி பாத்ரூம் போகத் தடவிக்கொண்டே எழுந்தார். ஏதோ ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போன சிஸ்டர், அதை நாற்காலியில் வைத்துவிட்டு, "வாங்க பாட்டி, கையைப் பிடிச்சுக்கோங்க" என்று கூட்டிப்போனார். அது அவருடைய வேலையே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இது மேலிருந்து வந்த பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். 1976-ல் 11 படுக்கையோடு இதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் ஆபரேஷன் செய்தவர். கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறார்கள். நம்மை ஆளாக்கிய இடம் என்ற நன்றி அவர்கள் பேச்சிலேயே தெரிகிறது. (சில ஆபீஸ்களில் மேனேஜர் தன் டீ கிளாஸைக்கூட நகர்த்த மாட்டார், அங்கே ஊழியரிடம் இதையெல்லாம் எதிர்பார்த்தால் எப்படி?)

அப்புறம், காலையில் சீக்கிரமே போய்விடுங்கள்.