பைக் சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பார்க்காத வேலைக்கும் பில் வரும், கவனம்

காலையில் ஸ்டார்ட் ஆகும், மாலையில் ஆகாது, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஆகும். இப்படி ஒரு புகாரோடு ஒர்க்ஷாப்புக்குப் போகப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். விட்டு விட்டு வரும் கோளாறில்தான் ஏமாற்றுவது மிகச் சுலபம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் வண்டி சில நாள் ஒழுங்காக ஓடும். அதையே காட்டி வேலை சரியாக முடிந்துவிட்டது என்பார்கள். திரும்பவும் நின்றால் "இது வேற கம்ப்ளைன்ட்" என்று புது பில் போடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது.

என் வண்டிக்கு இருந்த கோளாறு இது. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கு எரியும், நியூட்ரல் பச்சை விளக்கு எரியும், ஹாரன் நன்றாக அடிக்கும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றுமே நடக்காது, "டக்" என்ற சத்தம்கூட வராது. கிக்கர் இல்லாத வண்டி. ஆனால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். இவ்வளவையும் ஒர்க்ஷாப்பில் வாயாலும் சொன்னேன், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அவர்கள் வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி பட்டனை அழுத்தினார்கள். உடனே ஸ்டார்ட் ஆனது. "நல்லாத்தானே இருக்கு சார், பேட்டரி வீக்கா இருக்கும், மாத்திடலாம்" என்றார்கள். மீட்டர் வைத்து அளக்கவே இல்லை. புது பேட்டரி வந்தது. பழையதைக் கேட்டபோது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள், ஆனால் பில்லில் எக்ஸ்சேஞ்சுக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

பேட்டரி இறங்கினால் அது காட்டும் அடையாளமே வேறு. பட்டனை அழுத்தியதும் விளக்கு மங்கும், ரிலே (பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) படபடவென்று அடிக்கும், அல்லது என்ஜினைச் சுற்றிவிடும் அந்த மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி வண்டி சும்மா நிற்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். என்ஜின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும், வந்தால் சார்ஜிங் சரி. இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இதைக்கூடச் செய்யாமல் பேட்டரியை மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

சில நாளில் வண்டி மறுபடி நின்றது. இந்தமுறை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்றார்கள். மோட்டாரைக் கழற்றி பிரஷ் மாற்றியதாகப் பில் தந்தார்கள். அதற்கப்புறமும் நின்றபோது கார்புரேட்டர் சுத்தம், ஸ்பார்க் பிளக் மாற்றம். என்ஜின் சுற்றவே மறுக்கிற வண்டிக்கு கார்புரேட்டரில் என்ன வேலை? தள்ளினால் உடனே பிடிக்கிறது என்றால் பெட்ரோலும் வருகிறது, ஸ்பார்க்கும் வருகிறது என்றுதானே அர்த்தம்? கேட்டேன். "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், இப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். வண்டியின் வயதைக் காட்டி வாடிக்கையாளரின் வாயை அடைப்பது நேர்மையே இல்லை.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். ஆகாதபோது என்ஜின் சூடா, ஆறியிருந்ததா? நியூட்ரலிலா, கிளட்ச் பிடித்தா? சைட் ஸ்டாண்டில் நின்றதா? கடைசியாக, "ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு?" என்றார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வீட்டில் வண்டியை எப்போதும் ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்து லாக் போட்டுத்தான் நிறுத்துவேன். லாக்கை எடுத்து, ஹேண்டில் அப்படியே இருக்க, பட்டனை அழுத்துவேன். ஒர்க்ஷாப்பில் வண்டி எப்போதும் நேராக நிற்கும்.

செல்ஃப் பட்டன் ஹேண்டிலில் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒயர், வண்டியின் கழுத்து வழியாக உள்ளே வந்து ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகிறது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் கழுத்தருகே அந்த ஒயர் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கினால் மேலே உறை நன்றாகவே இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்துவிடும். அவர் ரிலேக்கு வரும் சிறிய ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு என்னைப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஹேண்டில் நேராக இருந்தவரை பேட்டரி வோல்ட் வந்தது. இடது பக்கம் மெதுவாகத் திருப்பத் திருப்ப எண் தள்ளாடி, கடைசியில் பூஜ்யத்துக்கு வந்தது. திரும்ப நேராக்கினால் மறுபடி வோல்ட். டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். ஒயர்க்கட்டை இறுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் டை ஓரத்தில் ஒரு ஒயர் மட்டும் தொளதொளவென்று வளைந்தது. உறையைச் சீவியதும் உள்ளே கம்பி பச்சை பூத்து முழுக்க அறுந்திருந்தது, நேராக இருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். புது ஒயர்த் துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, திரும்ப இடம் விட்டுத் தளர்வாகக் கட்டினார்.

அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காட்டினார். அதைக் கழற்ற வேண்டுமானால் இரண்டு போல்ட்டைத் திருப்பியே ஆக வேண்டும். அந்த இரண்டு போல்ட் தலையிலும் பழைய எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட கீறலே இல்லை. அந்த மோட்டாரை யாரும் தொட்டதே இல்லை. பில்லில் பிரஷ் விலையும் கழற்றி மாட்டிய கூலியும் தனித்தனியாக இருக்கின்றன. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் இதே கோளாறு என்றால் எதையும் மாற்றும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பட்டனை அழுத்திப் பாருங்கள். சத்தமே வராவிட்டால் கில் சுவிட்ச் (என்ஜினை நிறுத்த ஹேண்டிலில் இருப்பது), கிளட்ச் சுவிட்ச், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று அந்த வழியில்தான் தேட வேண்டும், சில வண்டிகளில் இதில் ஒன்று பழுதானாலும் ரிலே வேலை செய்யாது. ரிலே ஒரே ஒரு "டக்" அடித்து மோட்டார் சுற்றாவிட்டால் பேட்டரி முனை, எர்த் ஒயர், ரிலே, மோட்டார் பக்கம் போகலாம். மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காவிட்டால்தான் பிளக்கும் பெட்ரோலும். சூடானால் மட்டும் நின்று ஆறினால் பிடிக்கிற வண்டியில் ஸ்பார்க்குக்கு வோல்ட் ஏற்றித் தரும் இக்னிஷன் காயிலையும், ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சிக்னல் தரும் பிக்கப் காயிலையும் சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள், ஆறிய பிறகு அளந்தால் சரியாகவே காட்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் மீட்டர் விளக்கும் சத்தமும் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வேலைக்கு விடும்போதே, கழற்றும் பழைய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் ஒர்க்ஷாப் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

போல்ட் போட்டோவைப் பழைய ஒர்க்ஷாப்பில் காட்டினேன். முதலில் பையன் யாரோ மறந்துவிட்டான் என்றார்கள். பில்லை எடுத்து நீட்டியதும் பிரஷ் விலையையும் கூலியையும் திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டரிக்கும் கார்புரேட்டர் வேலைக்கும் தர முடியாது என்கிறார்கள், பழைய பேட்டரியும் வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.